டீக்கு எழுந்து போகும் பத்து நிமிடம்

கிண்டியோ தரமணியோ அம்பத்தூர் எஸ்டேட்டோ, பதினொரு மணிக்கும் மூன்றரைக்கும் டீக்கடை வாசலில் அதே கூட்டம்தான். "மாஸ்டர், ஒரு ஸ்ட்ராங், ரெண்டு லைட், ஒண்ணு சர்க்கரை கம்மி." சொல்பவருக்கு அது ருசிக் கணக்கு. உண்மையில் தூக்கத்தை விரட்டும் காஃபீன் எவ்வளவு உள்ளே போகிறது என்பதும் அதில்தான் முடிவாகிறது. ஸ்ட்ராங் என்றால் டிகாக்‌ஷன் கூட, லைட் என்றால் பால் கூட. காஃபீன் முழுக்க டிகாக்‌ஷனில்தான் இருக்கிறது. ஒரு கிளாஸில் தோராயமாக 30 முதல் 50 மில்லிகிராம் வரை.

குடித்ததும் தெளிவு வந்துவிட்டது போலத் தோன்றும். அதில் சூட்டுக்கும் நாற்காலியை விட்டு எழுந்ததற்கும் பங்கு உண்டு. காஃபீன் ரத்தத்தில் உச்சத்துக்கு வர 30 முதல் 60 நிமிடம் பிடிக்கும். நான்கு மணி மீட்டிங்குக்கு மூன்றேகாலுக்கே குடித்துவிட வேண்டும். கிளாஸோடு மீட்டிங் அறைக்குள் நுழைந்தால் பலன் அடுத்தவர் பேசி முடித்த பிறகுதான் கிடைக்கும். உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி ஸ்ட்ராங்கில் பாதி, இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். மறுநாள் காலைத் தூக்கக் கலக்கத்துக்கு இன்னொரு ஸ்ட்ராங். இப்படித்தான் ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் ஆகிறது.

தேயிலையில் தியானின் என்ற அமினோ அமிலமும் உண்டு. 1949இல் ஜப்பானில் கண்டறிந்தார்கள். மனதை அலைபாயாமல் வைக்கும் என்று விளம்பரங்கள் சொல்வது இதைத்தான். ஆய்வுகளில் பெரும்பாலும் 100, 200 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு கிளாஸ் டீயில் அதில் சிறு பங்குதான் இருக்கும். அந்தப் பேச்சைப் பாதிக்குப் பாதி தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

கடையில் கெடுவது டிகாக்‌ஷன்தான். பைத்துணியில் இருக்கும் பழைய தூள்மேலேயே வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தால் மணம் போய்த் துவர்ப்பு மட்டும் மிஞ்சும். அதை மறைக்கச் சர்க்கரை ஏறும். "புதுத் தூள் போட்டாச்சா மாஸ்டர்?" என்று கேட்பதில் தவறில்லை. கூட்டம் ஓயாத கடையில் அந்தக் கேள்விக்கே அவசியம் இராது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இரண்டு பேருக்கு 150 மி.லி. தண்ணீர், அதே அளவு பால், இரண்டு டீஸ்பூன் தூள் எடுத்துக்கொள்ளலாம். இஞ்சியைத் தட்டித் தண்ணீரிலேயே நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பச்சை இஞ்சியை நேராகப் பாலில் போட்டால் அதிலுள்ள நொதி பாலைத் திரித்துவிடும். பிறகு தூளைப் போட்டு இரண்டு நிமிடம், பால் ஊற்றி ஒரு பொங்கு, இறக்கிவிடலாம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேர இடைவெளி நல்லது.

அலுவலக மெஷின் டீயைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. பெரும்பாலான பிரீமிக்ஸில் சர்க்கரை முன்கூட்டியே கலந்திருக்கும். "கம்மி" என்று யாரிடம் சொல்வது?

சரி, புது யோசனைக்கு டீ உதவுமா? 2020இல் வெளியான ஓர் ஆய்வில் 200 மில்லிகிராம் காஃபீன், ஒரே விடை கொண்ட புதிர்களை அவிழ்க்க உதவியது. பல யோசனைகளை வரவழைப்பதில் வித்தியாசம் காட்டவில்லை. பிழை தேட, கணக்குச் சரிபார்க்க டீ நல்ல துணை. தலைப்பு பிடிக்க, வடிவமைப்பு யோசிக்க நடைதான் கைகொடுக்கும்; நடக்கும்போது யோசனைகள் கூடுவதை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு 2014இல் காட்டியது. ஆகவே எதிர்க்கடையை விட்டு, அடுத்த தெருமுனைக் கடைக்குப் போகலாம். சித்திரை வெயிலில் மட்டும் நிழல் பக்கமாக.

கைப்பேசி மேசையிலேயே கிடக்கட்டும். ஜிபே பண்ணணுமே என்றால், சட்டைப் பையில் கொஞ்சம் சில்லறை.