பையன்கள் அணியில் ஒரு கிக்கர்

கலிஃபோர்னியாவில் பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் படித்தபோது எங்கள் பள்ளி ஃபுட்பால் அணியில் நான் கிக்கர், அதாவது பந்தை உதைப்பதற்கென்றே இருக்கும் ஆள். நம் ஊரில் ஃபுட்பால் என்று சொல்கிற சாக்கர் இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்கன் ஃபுட்பால். அணியில் நான் ஒருத்திதான் பெண். எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள், அடிபடாதா, துணி எங்கே மாற்றுவாய் என்று கோவையிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் இன்றைக்கும் இதே வரிசையில் கேட்கிறார்கள். நானும் அதே வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவது படிக்கும்போது கோவையிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவுக்குக் குடிவந்தோம். ஊரில் பெரியப்பா பையன்களோடு பந்து உதைத்த பழக்கம் இருந்ததால் இங்கே சாக்கரில் ஒட்டிக்கொண்டேன். அப்புறம் கொரோனா. எல்லா விளையாட்டும் நின்று, வீட்டில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான், 2020 நவம்பர் 28 அன்று, சாரா ஃபுல்லரின் கிக்காஃப், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதை, கண்ணில் பட்டது. வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் சாக்கர் கோல்கீப்பர் அவர். ஆண்கள் ஃபுட்பால் அணியின் கிக்கர்கள் தனிமைப்படுத்தலில் மாட்டிக்கொள்ள, இவரை அழைத்து மிசௌரிக்கு எதிரான ஆட்டத்தில் இறக்கினார்கள். இரண்டு வாரம் கழித்து டென்னசிக்கு எதிராக இரண்டு எக்ஸ்ட்ரா பாயின்ட்டும் அடித்தார் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, கோல்போஸ்ட்டின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் கூடுதல் புள்ளி). அதைப் பார்த்துப் புல்லரித்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். "இந்தத் தூரம் நானும் அடிப்பேனே" என்றுதான் தோன்றியது.

தூரம் உண்மையிலேயே பயமுறுத்துவதில்லை. எக்ஸ்ட்ரா பாயின்ட் 20 கெஜம். உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் கோல்போஸ்ட்டின் அகலம் 23 அடி 4 அங்குலம், கல்லூரியைவிட ஏறக்குறைய ஐந்து அடி அதிகம். குறுக்குக் கம்பி 10 அடி உயரத்தில் இருக்கும். பந்தைச் சின்ன ரப்பர் கட்டையின் மேல் வைத்து உதைக்கலாம். சாக்கரில் கார்னர் அடித்துப் பழகிய எந்தப் பெண்ணும் ஒரு வாரம் பழகினால் இதைத் தாண்டவைப்பாள்.

சேர்வதற்குச் சட்டம் தடையாக இருக்கும் என்றுதான் நினைத்தோம். 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டம் பள்ளிகளில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அதன் விதிகளில் உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளுக்கு ஒரு விலக்கு உண்டு. ஃபுட்பால் அதற்குள் வருகிறது. அந்த ஓட்டையை அடைத்தவை நீதிமன்றங்கள். 1983-இல் மிசௌரியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியும், 1985-இல் நியூயார்க்கில் ஒரு உயர்நிலைப் பள்ளி மாணவியும் அரசியல் சாசனத்தின் சம உரிமைப் பிரிவைக் காட்டி வழக்குப் போட்டார்கள். ஃபுட்பால் அணித் தேர்வில் கலந்துகொள்ளவே விடாமல் தடுப்பது தவறு என்று இரண்டிலும் தீர்ப்பு வந்தது. நான் விண்ணப்பித்தபோது பயிற்சியாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "வலது காலா, இடது காலா?"

கலிஃபோர்னியாவில் எனக்கு இன்னொரு வசதி, எங்கள் பகுதியில் சாக்கர் குளிர்காலத்தில் நடக்கும், ஃபுட்பால் இலையுதிர் காலத்தில். இரண்டையும் விட வேண்டியதில்லை. பல மாநிலங்களில் பெண்கள் சாக்கரும் ஃபுட்பாலும் ஒரே பருவத்தில் வந்து தொலைக்கும். அங்கே இருக்கிற பெண்கள் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

பேப்பர் வேலை வழக்கமானதுதான். மருத்துவர் கையெழுத்திட்ட உடல் தகுதிச் சான்று, மதிப்பெண் சராசரி நாலுக்கு 2.0-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிற நிபந்தனை, தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று ஒரு தாள், திடீரென்று இதயத் துடிப்பு நின்றுபோவது பற்றி ஒரு தாள். கடைசி இரண்டையும் படித்துப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா உண்மையிலேயே படித்தார்; அதுதான் சிக்கல். "ஏன் அம்மிணி, மண்டையில அடிபடும்னு அவங்களே எழுதிக் குடுத்து என்கிட்டயே கையெழுத்துக் கேக்கறாங்க?" என்றார். காரணமில்லாத கேள்வி இல்லையே! அம்மா குறுக்கே விழுந்து, கிக்கர் என்றால் ஓரமாக நிற்பவள், உதைத்துவிட்டு வந்துவிடுவாள் என்று சமாதானம் சொல்லித்தான் அவர் பேனாவை எடுத்தார்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. எக்ஸ்ட்ரா பாயின்ட்டோ, ஆட்டத்தின் நடுவே அதே மாதிரி கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோலோ அடிக்கும்போது கிக்கர் மேல் விழுந்தால் எதிரணிக்கு 15 கெஜம் வரை அபராதம். ஆகவே கொஞ்சம் பத்திரம். கிக்காஃபில் அந்தப் பாதுகாப்பு சீக்கிரமே தீர்ந்துவிடும். பந்தைப் பிடித்தவன் எல்லாரையும் தாண்டி ஓடிவந்தால் கடைசியாக நிற்பது நான்தான்; அவனை நான்தான் தள்ள வேண்டும். அதனால் டேக்கிளிங் கற்றே ஆக வேண்டும். தலையைக் குனியாதே, தலையை அவன் உடம்புக்கு ஒரு பக்கமாகக் கொண்டுபோ, தோளால் முட்டு, இரண்டு கையாலும் கட்டிப்பிடி, காலை நிறுத்தாதே. இதை மெத்தைமேல் செய்து, மணல் மூட்டை மாதிரி தொங்கும் பொம்மைமேல் செய்து, அப்புறம்தான் ஆள்மேல். முதல் நாட்களில் ஹெல்மெட் மட்டும், பிறகு தோள் கவசம், அதற்கப்புறம்தான் முழு உடுப்பு. முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 90 நிமிடம், அதற்கு மேல் கூடாது என்று மாநிலத்தில் 2015 முதல் சட்டமே இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்ன பிறகுதான் அவர் பயிற்சி நேரத்தில் போன் அடிப்பதை நிறுத்தினார்.

உடுப்பு என்றதும் ஒன்று. ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு உட்கார வேண்டும், ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். குதிரைவால் போட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒற்றைச் சடையும் சரிவரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட அதே இரட்டைப் பின்னல்தான். காதுக்குப் பின்னால் தாழ்வாக, இறுக்கமாக, ரிப்பன் இல்லாமல். எண்ணெய் மட்டும் வைக்கக் கூடாது. உள்ளே இருக்கிற பஞ்சு வழுக்கிக்கொண்டு ஹெல்மெட் திரும்பிவிடும். பாட்டி இதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

அடிபட்டதா என்றால், பட்டது. விரல் சுளுக்கு, தொடையில் நீலம் நீலமாக. சாக்கரில் கணுக்காலில் வாங்கிய உதைதான் இதைவிட மோசம்.

மூன்றாவது கேள்வி துணி மாற்றும் அறை. பதில் எளிது: பெண்கள் அறையில், வாலிபால் பெண்களோடு. அதில் எனக்கு எந்தக் கூச்சமும் வரவில்லை. ஆனால் யாரும் கேட்காத ஒரு பிரச்சினை அதில் இருந்தது. ஓர் அணியின் பாதி விஷயம் துணி மாற்றும் அறையில்தான் நடக்கிறது. நாளைக்குப் பயிற்சி அரை மணி நேரம் முன்னால், பேருந்து பின் வாசலில் என்பதெல்லாம் அங்கேதான் வாய்வழியாகச் சொல்லப்படும். எனக்குத் தெரியாது. நான் முன் வாசலில் தனியாக நிற்பேன். இதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும் என்று யாருக்கும் தோன்றாமல் பாதிப் பருவம் போனது. அந்த அறையில் சொல்லப்பட்ட நகைச்சுவைகளையும் நான் இழந்தேன். பின்னால் ஒன்றிரண்டைக் கேட்டபோது அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை.

தனியாக இருந்தேனா என்றும் சிலர் கேட்பதுண்டு. இருந்தேன். அதற்கு முக்கியக் காரணம் நான் கிக்கர் என்பது. மற்றவர்கள் வெயிலில் வியர்த்து ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொண்டிருக்கும்போது, கிக்கர் மைதானத்தின் மூலையில் வலைக்குள் பந்தை உதைத்துக்கொண்டிருப்பாள். ஆட்டத்தில் சில வினாடி இறங்குவாள், உடுப்பில் மண்கூடப் படாது. ஆண் கிக்கரையும் "நீ ஃபுட்பால் ஆளே இல்லை" என்றுதான் கிண்டலடிப்பார்கள். என்னைப் பார்த்தும் அதையேதான் சொன்னார்கள். எதிரணிப் பையன்கள் சில நேரம் வேறு மாதிரியும் சொன்னார்கள்; அதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்தத் தனிமையை உடைத்தவர்கள் இரண்டு பேர், ஸ்னாப்பரும் ஹோல்டரும். ஸ்னாப்பர் குனிந்து கால்களுக்கு நடுவே பந்தை ஏழு கெஜம் பின்னால் எறிவான். முழங்காலில் நிற்கும் ஹோல்டர் பிடித்து, கட்டைமேல் நிறுத்தி, பந்தின் தையல் கம்பத்தைப் பார்க்குமாறு திருப்புவான். ஒற்றை விரல் பந்தின் உச்சியில். நான் அந்த விரலைத்தான் பார்ப்பேன், எதிரே கை தூக்கிக் குதிப்பவர்களைப் பார்ப்பதில்லை. எறிந்ததிலிருந்து உதைக்கும்வரை சுமார் 1.3 வினாடிதான். தாமதித்தால் எவனாவது வந்து கையை வைத்துவிடுவான். இதற்காக எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் அதையே திரும்பத் திரும்பச் செய்வோம். ஹோல்டர் என் அடி எண்ணிக்கையை வாய்க்குள் முணுமுணுப்பான்: பின்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு. ஒரு வெள்ளிக்கிழமை என் உதையைத் தடுத்துவிட்டார்கள். ஓரமாக வந்து நின்றதும், "அது என் தோளைத் தாண்டி வந்தவன், உன் தப்பில்லை" என்று, முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் லைன்மேன் ஒருவன் வந்து சொன்னான். அதுவரை அவன் என்னோடு பேசியதே இல்லை. அதன் பிறகு பேருந்து எந்த வாசலில் நிற்கிறது என்று அவனே வந்து சொல்லிவிடுவான்.

சீனியர் நைட் அன்று கடைசி வருட மாணவர்கள் பெற்றோரோடு மைதானத்துக்குள் நடந்து வர வேண்டும். அம்மா அணியின் நிறத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, புல் ஈரமாக இருக்கிறது என்று கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்தார். புகைப்படத்தில் அம்மாவின் செருப்புதான் பளிச்சென்று தெரிகிறது.

நான் ஆடி முடித்த சில மாதங்களில், 2023 பிப்ரவரியில், கலிஃபோர்னியா பள்ளி விளையாட்டு அமைப்பு பெண்களுக்கான ஃபிளாக் ஃபுட்பாலை அங்கீகரித்தது. இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் ஆட்டம் நிற்கும், மோதல் கிடையாது. நல்ல விஷயம், சந்தேகமில்லை. எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கும் ஒரு தமிழ்ப் பெண் போன மாதம் அதைக் காட்டி, "அக்கா, இனிமே பையன்க டீம்ல சேர வேண்டியதே இல்லல்ல?" என்றாள். எறியவோ பிடிக்கவோ ஓடவோ ஆசை என்றால் ஃபிளாக்குக்கே போ என்றேன். உதைக்கத்தான் ஆசை என்றாள். ஃபிளாக்கில் கிக்காஃப் இல்லை, ஃபீல்டு கோல் இல்லை, எக்ஸ்ட்ரா பாயின்ட்டையும் ஓடியோ எறிந்தோதான் எடுக்க வேண்டும். அவளுடைய அப்பா கையெழுத்துப் போட வேண்டிய தாள்களின் பட்டியலை அனுப்பிவைத்திருக்கிறேன்.