இத்தாலிக்கு இரண்டு பேர்: ஒரு பட்ஜெட் ஷீட் வளர்ந்த கதை

ஜூன்

2025 நவம்பர் முதல் வாரம் நானும் வீட்டுக்காரரும் இத்தாலி போவது என்று முடிவாகிவிட்டது. ரோமில் நாலு இரவு, ஃபுளோரன்ஸில் மூன்று, வெனிஸில் இரண்டு. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை, வளைகுடாவில் எங்காவது மாறித்தான் போக வேண்டும். எப்படியும் மாறுகிறோம், அப்புறம் ஏன் இறங்கிய ஊரிலேயே ஏற வேண்டும்? ரோமில் இறங்கி வெனிஸில் ஏறுகிற மாதிரி தேடினேன். ஆளுக்கு இரண்டாயிரம் சொச்சம்தான் கூடுதல். வெனிஸிலிருந்து ரோமுக்குத் திரும்பும் ரயில் காசையும், அதில் போகும் நாலு மணி நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இதுதான் மலிவு.

யூரோ 100 ரூபாயைத் தாண்டும் போலிருக்கிறது. கார்டு செலவையும் சேர்த்து 105 என்று ஷீட்டின் உச்சியில் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டேன். அதை மாற்றினால் கீழே எல்லாம் மாறும்.

முதலில் எல்லோரும் போடுவது மாதிரி ஒரு நாளைக்கு இவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். இருவருக்கும் அறை, சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து நாளுக்கு 220 யூரோ. கணக்கு சரியாகத்தான் வந்தது, ஆனால் பிரயோஜனம் இல்லை. இந்த 220-ஐ வைத்துக்கொண்டு ஜூன் மாதத்தில் நான் எதை வாங்க வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று அது சொல்லவில்லை. இத்தாலியில் ஒரு பொருளின் விலை அந்தப் பொருளைவிட, அதை எப்போது வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே நாள் கணக்கை அழித்துவிட்டு மூன்று பத்தி போட்டேன்: ஏறுவது, தீர்வது, இருப்பது.

ஏறுவது என்றால் தள்ளிப்போடப் போட விலை ஏறுபவை: விமானம், அறை, அதிவேக ரயில். தீர்வது என்றால் விலை அப்படியே நிற்கும், ஆனால் டிக்கெட் காலியாகிவிடும்: கொலோசியம், வாட்டிகன் மியூசியம், ஃபுளோரன்ஸின் ஓவியக் கூடமான உஃபீஸி. இருப்பது என்றால் போய் நின்று வாங்கினாலும் அதே விலை, எப்போதும் கிடைக்கும்: ஊர் ரயில், மெட்ரோ, காபி, பீட்சா. மூன்றாவது பத்தியைப் பற்றி கிளம்பும்வரை யோசிக்கவே வேண்டாம். அதுவே பெரிய நிம்மதி.

ஆகஸ்ட்

விமானம் போட்டாகிவிட்டது. இருவருக்கும் சேர்த்து ஒன்றேகால் லட்சம்.

அறைதான் தலைவலி. 2025 கத்தோலிக்கர்களின் யூபிலி ஆண்டு, அதாவது புனித யாத்திரை ஆண்டு. உலகம் முழுவதிலிருந்தும் ரோமுக்கு வருகிறார்கள், வாடகை அதற்கேற்ப நிற்கிறது. விசாவுக்கு அறை முன்பதிவைக் காட்ட வேண்டும் என்பதால் ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்து டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் போட்டேன். இரவுக்கு 110 யூரோ. ஃபுளோரன்ஸ் 95, வெனிஸ் 120.

வாடகைக்குள் வராத ஒன்று உண்டு: ஊர் வரி. ஆளுக்கு, இரவுக்கு என்று அறை கொடுப்பவரே தனியாக வாங்குவார். ரோமில் மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு ஆளுக்கு 6 யூரோ. அறை மலிவாக இருக்கிறது என்று நினைத்து இதை விட்டுவிட்டால் ஒன்பது இரவில் நூறு யூரோவுக்குப் பக்கத்தில் கணக்கு உதைக்கும்.

விசா கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். எல்லாம் சேர்த்து இருவருக்கும் இருபத்தேழாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன்.

அதிவேக ரயிலில் ஒரு முடிச்சு. ரோம்–ஃபுளோரன்ஸ் ஒன்றரை மணி நேரப் பயணம். அரசு நிறுவனமான ட்ரெனித்தாலியாவின் ஃபிரெச்சியாரோஸ்ஸா ஓடுகிறது, போட்டிக்கு 2012 முதல் தனியாரின் இத்தாலோ ஓடுகிறது. இரண்டிலும் இப்போது வாங்கினால் 20 யூரோ சொச்சம். கிளம்பும் அன்று வாங்கினால் 50-ஐத் தொடும். ஆனால் மலிவு டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. விசாவோ இன்னும் கைக்கு வரவில்லை. "விசா வரட்டும், அப்புறம் வாங்கலாம்" என்கிறார் வீட்டுக்காரர். இரண்டு பயணத்துக்கும் சேர்த்து இப்போது வாங்கினால் 90 யூரோ. விசா வராமல் போனால் அந்த 90 போச்சு. காத்திருந்து வாங்கினால் இன்னொரு 90-க்கு மேல் நிச்சயமாகப் போகும். வராமல் போகிற வாய்ப்பைவிட விலை ஏறுகிற வாய்ப்பு அதிகம் என்று வாங்கிவிட்டேன். அவர் சமாதானமாகவில்லை, ஆனால் பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது.

செப்டம்பர், அக்டோபர்

விசா வந்தது. இனி தீர்வது பத்தி.

வாட்டிகன் மியூசியம் 20 யூரோ, இணையத்தில் எடுத்தால் 5 கூடுதல். அந்த ஐந்தை மிச்சம் பிடிக்கலாம் என்று யோசிப்பவர்கள் மதில் ஓரம் நிற்கும் வரிசையின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு யோசிக்கவும். கொலோசியம் 18. பக்கத்திலிருக்கும் பழைய ரோமின் இடிபாடுகளான போரம், பலத்தீன் குன்று இரண்டும் அதிலேயே அடக்கம். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். சரியாக முப்பது நாள் முன்பு விற்பனைக்கு வரும் என்பதால் போனில் அலாரம் வைத்து எடுத்தேன். உஃபீஸி 25, ஃபுளோரன்ஸின் இன்னொரு கலைக்கூடமான அக்காடெமியா 16, இரண்டுக்கும் முன்பதிவுக்கு நாலு நாலு யூரோ.

வெனிஸை ஆண்ட டோஜேக்கள் இருந்த அரண்மனை மட்டும் ரயில் மாதிரி நடந்துகொள்கிறது: 30 யூரோ டிக்கெட், ஒரு மாதம் முன்பே எடுத்தால் 25. அதைத் தீர்வதிலிருந்து தூக்கி ஏறுவதில் போட்டேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு மியூசியங்கள் எல்லாம் இலவசம். நாங்கள் ரோமில் இருக்கும் ஞாயிறு அப்படி ஒன்று. கொலோசியத்தையே அன்றைக்கு வைத்தால் 36 யூரோ மிச்சமாகுமே என்று தோன்றும். ஆனால் அன்று முன்பதிவு கிடையாது, ஊரே வந்து நிற்கும். டெர்மினிக்கு எதிரிலேயே இருக்கும் பலாஸ்ஸோ மாஸிமோவை அன்றைக்கு வைத்திருக்கிறேன். அதுவும் அரசு மியூசியம்தான். கூட்டம் கொலோசியத்துக்குத்தான் ஓடும்.

இதற்கிடையில் ஷீட்டில் நாலாவதாக ஒரு பத்தி முளைத்தது. இருவர் என்பதால் சில செலவு இரட்டிப்பாகிறது, சில செலவு பாதியாகிறது. டிக்கெட், சாப்பாடு, ஊர் வரி எல்லாம் தலைக்கு. அறை, டாக்ஸி, வெனிஸின் கொண்டோலாப் படகு எல்லாம் மொத்தமாக ஒரே விலை. ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ஆளுக்கு 14, இருவருக்கு 28. டாக்ஸி நிர்ணயக் கட்டணம் 55. தனியாளுக்கு டாக்ஸி நாலு மடங்கு, எங்களுக்கு இரண்டு மடங்குதான். ராத்திரி வந்திறங்கினால் டாக்ஸிக்கே ஓட்டுப் போட்டிருப்பேன். நாங்கள் மதியம் இறங்குவதால் ரயில்.

கொண்டோலா என்று ஒரு வரி இருக்கிறதே, அது நான் எழுதியதில்லை, வீட்டுக்காரர் எழுதியது. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, நகராட்சி நிர்ணயம், ஐந்து பேர் வரை ஏறலாம். கொலோசியம், உஃபீஸி இரண்டும் இருவருமாகப் பார்க்கிற காசு. ஆளுக்கு நூறு யூரோ கைச்செலவு, யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது என்று ஏற்பாடு. அதிலிருந்து கொடுங்கள் என்றேன். "நீயும்தானே ஏறப்போறே? பொதுவில எழுது" என்றார். அந்த வரி இப்போதைக்கு மஞ்சள் நிறத்தில் நிற்கிறது.

நவம்பர், ரோம்

இருப்பது பத்திதான் எதிர்பார்த்ததைவிடக் கீழே ஓடுகிறது. சாப்பாட்டுக்கு இருவருக்கும் நாளுக்கு 45 என்று வைத்தேன். 40-ஐ ஒட்டியே முடிகிறது.

முக்கியக் காரணம் காபி. காபி பார்களில் நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. சதுக்கங்களைப் பார்த்த மேஜையென்றால் மூன்று மடங்குகூட ஆகும். அறைக்குக் கீழே இருந்த பாரில் முதலில் கல்லாவில் காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும், நம் ஊர் காபிக் கடையில் டோக்கன் வாங்குகிற மாதிரியே. சீட்டைப் பளிங்குப் பலகைமேல் வைத்தால், காபி போடுகிறவர் அதன் ஓரத்தைக் கிழித்துவிட்டு சாஸரைத் தட்டென்று முன்னால் வைப்பார், கப் பின்னால் வரும். எஸ்பிரெஸ்ஸோ 1.30. இரண்டு மடக்கு. நாலு நிமிஷத்தில் நாமும் வெளியே, அடுத்தவர் உள்ளே.

மதியத்துக்கு வெட்டி விற்கிற பீட்சா. நீளத் தட்டில் கிடக்கும், எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி எடை போட்டுக் கொடுப்பார்கள். உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டது சைவர்களுக்குத் தோது. சீஸ் விஷயத்தில் கறாரான சைவராக இருந்தால் இங்கே கஷ்டம். பார்மிஜானோ, பெக்கோரினோ ரோமானோ என்ற இரண்டு சீஸிலும் ரென்னட் உண்டு, பாலைத் திரிக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுப்பது. நாங்கள் அந்த அளவுக்குப் போவதில்லை.

தண்ணீருக்கு ஒரு காசு செலவில்லை. தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்க் கம்பம் நிற்கிறது, எந்நேரமும் ஓடுகிறது, குடிக்கிற தண்ணீர். மூக்கு மாதிரி வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும், குனியாமல் குடிக்கலாம். முதல் தடவை சட்டை நனையும். உணவகத்தில் மட்டும் பாட்டில் தண்ணீருக்குக் காசு. கூடவே உட்கார்ந்ததற்கு என்று ஆளுக்கு 2 யூரோ வரை பில்லில் ஏறும், ரோமில் அது பெரும்பாலும் ரொட்டிக்காசு என்ற பெயரில் வருகிறது. அது ஏமாற்று இல்லை, மெனுவின் அடியில் எழுதியிருக்கும். அதனால் டிப்ஸ் என்று தனியாக ஒன்றும் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பலாஸ்ஸோ மாஸிமோவுக்குச் சும்மாவே நுழைந்தோம். களைத்து உட்கார்ந்திருக்கும் குத்துச்சண்டைக்காரனின் வெண்கலச் சிலை ஒன்று அங்கே. காயங்களிலும் தொடையில் சொட்டிய ரத்தத்திலும் செம்பு பதித்திருக்கிறார்கள். வெண்கலத்தின் கருமையில் அந்தச் சிவப்பு தனியாகத் தெரிகிறது. காசு கொடுத்துப் பார்த்த பலவற்றைவிட இதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றோம்.

காசு எடுக்கும்போது ஒரே ஒரு விதி. இயந்திரம் ரூபாயில் காட்டி "மாற்றட்டுமா" என்று கேட்கும். வேண்டாம், யூரோவிலேயே எடு என்று அழுத்த வேண்டும். அவர்கள் மாற்றித் தரும் விலை நம் வங்கி விலையைவிட எப்போதும் மோசம். கடைகள் கார்டு வாங்கியே ஆக வேண்டும் என்று 2022 முதல் அபராதத்தோடு சட்டம் இருக்கிறது. நோட்டு அதிகம் தேவைப்படவில்லை.

ஃபுளோரன்ஸ்

அறையில் அடுப்பு இருந்தது. ஊரிலிருந்து அரிசியும் பருப்புப் பொடியும் கொண்டுவந்திருந்தோம். நெய் எடுத்துவரவில்லை, பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. சூப்பர் மார்க்கெட்டில் வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொண்டோம், ஒன்றும் குறையில்லை. இரண்டு இரவு இப்படி ஓடியதில் மூன்றாவது இரவு நல்ல உணவகத்தில் ரிபொல்லீத்தா சாப்பிடக் காசு வந்தது. பழைய ரொட்டியும் பீன்ஸும் கறுப்புக் கீரையும் சேர்த்துக் கெட்டியாக வேகவைத்த சூப். ஏழை வீட்டுச் சாப்பாடு இப்போது மெனுவில் ராஜாவாக இருக்கிறது.

ஒரு நாள் பக்கத்து ஊரான லூக்காவுக்குப் போனோம். ஊர் ரயில், முன்பதிவு இல்லை, எந்த வண்டியில் போனாலும் அதே விலை. காகித டிக்கெட்டானால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். ஊரைச் சுற்றி நாலு கிலோமீட்டர் கோட்டை மதில், மேலேயே மரநிழலில் நடக்கலாம், கட்டணம் கிடையாது. ஃபுளோரன்ஸில் நான் என் கைச்செலவிலிருந்து பளிங்குக் கோலம் போட்ட காகித அட்டை நோட்டுகள் வாங்கினேன், விலை சொல்லப்போவதில்லை.

வெனிஸ்

வெனிஸ் தீவுக்கு வெளியே, நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கினால் இரவுக்கு 40 யூரோ குறைவு என்று பலரும் சொல்வார்கள். ரயிலில் பத்து நிமிஷம்தான். ஆனால் இரண்டே இரவுக்காக வந்துபோய் வந்துபோய் என்று காலையும் ராத்திரியும் இழக்க எனக்கு மனமில்லை. அதற்குப் பதில் சாந்தா லூசியா ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில், நடுவில் பாலம் குறைவாக இருக்கும்படி அறை பார்த்தேன். இங்கே பாலம் என்றால் படிக்கட்டு, பெட்டியைத் தூக்க வேண்டும். படகுப் பேருந்தில் ஒருமுறை ஏற 9.50. வந்ததும் ஒருமுறை, போகும்போது ஒருமுறை என்றாலே இருவருக்கு 38. நடந்தே போனதில் அது மிச்சம், மெஸ்த்ரே கணக்கில் மிச்சமாகும் காசில் பாதி அங்கேயே திரும்பிவிட்டது.

ஒரு நாள் மட்டும் 24 மணி நேர பாஸ், ஆளுக்கு 25. முரானோ, புரானோ தீவுகள், திரும்பும்போது 1-ஆம் எண் படகில் பெருங்கால்வாய் முழுவதும். பகலில் வந்து போகிறவர்களிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் நவம்பரில் இல்லை, இரவு தங்குபவர்களுக்கு எப்போதுமே இல்லை.

கொண்டோலா விவகாரம் ரியால்ட்டோ சந்தைக்கு எதிரே முடிந்தது. கால்வாயைக் குறுக்கே கடக்க மட்டும் பெரிய கொண்டோலா ஒன்று ஓடுகிறது, ஆளுக்கு 2 யூரோ, இரண்டு பேர் துடுப்புப் போடுகிறார்கள். இதுவும் கொண்டோலாதானே என்று ஏற்றிவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் அக்கரை. இறங்கியதும், "இது டவுன் பஸ். நான் கேட்டது வேற" என்றார். மறுநாள் காலை அந்த 90-ஐக் கொடுத்து ஏறினோம். 45 அவர் கைச்செலவில், 45 பொதுவில்.

ஊர் திரும்பிய பிறகு

மொத்தம் நாலு லட்சத்துக்குள் முடிந்தது. ஏறுவது பத்தி போட்டபடியே வந்தது, கிளம்பும் முன்பே முக்கால்வாசி கட்டியாகிவிட்டதே. தீர்வதும் அப்படியே. சாப்பாட்டில் ஐம்பது யூரோ மிச்சம். நான் வரியே போடாமல் விட்டுப் பிறகு சேர்த்தவை: ரயில் நிலையக் கழிப்பறை ஒரு தடவைக்கு ஒரு யூரோ, துணி துவைக்கும் கடை, வெனிஸ் விமான நிலையப் பேருந்து ஆளுக்கு 10.

கார்டில் கொஞ்சம் யூரோ மிச்சமிருக்கிறது. ரூபாயாக மாற்றினால் அதற்கும் ஒரு கட்டணம் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். ஷீட்டில் நாப்போலி, பொம்பெய் என்று புதுத் தாள் திறந்து வைத்திருக்கிறார் வீட்டுக்காரர். அதில் இதுவரை ஒரு வரிதான் நிரம்பியிருக்கிறது: காப்ரி தீவுக்குப் படகு. எந்தப் பத்தியில் என்று போடவில்லை.