புட்டியில் எத்தனை கிராம் சர்க்கரை?

சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் படையலுக்கு இலை போடவே மதியம் இரண்டு மணியாகிவிட்டது. காலையில் நீரிழிவுக்கான, சர்க்கரையை இறக்கும் கிளிக்ளசைடு மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு, அதன்பின் ஒன்றும் சாப்பிடாமல் பூஜை வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது கை நடுங்கித் தரையில் கொட்டிவிட்டார். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது; கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தது. விரலில் குத்திப் பார்த்தால் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.1 மில்லிமோல், அதாவது இந்தியாவில் சொல்லும் கணக்கில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 56 மில்லிகிராம்.

சர்க்கரை இறங்கினால் எங்கள் வீட்டில் நெடுங்காலமாக ஒரே கைவைத்தியம்தான்: அரைக் குவளை கூல்டிரிங்க். அன்றும் அதையே கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்தும் 3.3-தான். அப்போதுதான் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 100 மில்லிக்கு 4 கிராம்கூடச் சர்க்கரை இல்லை. மற்ற இனிப்பெல்லாம் இரத்தச் சர்க்கரையை ஏற்றாத செயற்கை இனிப்பு. பெயரும் நிறமும் மட்டும் பழையபடியே இருந்தன. நான்கு தேக்கரண்டி சர்க்கரையை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். அடுத்த கால் மணியில் 4.8. "இலை போட்டாயிற்றாம்மா?" என்று அவர் கேட்ட பிறகே எனக்கு உயிர் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் 2018 ஏப்ரல் 1 முதல், இனிப்புப் பானங்களில் 100 மில்லிக்கு 4 கிராமைத் தாண்டும் ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் 2.1 சென்ட் வரி விதிக்கப்பட்டது. மறு ஆண்டு அது 2.21 சென்ட் ஆயிற்று. வரியைத் தவிர்க்கப் பல பானங்களில் சர்க்கரை குறைக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு நீரிழிவு இருக்கும் எங்கள் மக்களுக்கு இந்த வரி நல்லதே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்சுலினோ இத்தகைய மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அந்தக் குவளை மருந்தாகவும் இருந்தது. மருந்தின் அளவு மாறியதை நாங்கள் கவனிக்கவில்லை.

இரத்தச் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் விரைவாக ஏறும் சர்க்கரை 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும் என்பது விதி. 100 மில்லிக்கு 10 கிராம் உள்ள பானத்தில் 150 மில்லி போதும். 4 கிராம் உள்ளதில் 375 மில்லி வேண்டும், தடுமாறும் முதியவர் அவ்வளவு குடிக்க மாட்டார். வரிக்கு உட்படாத, கலப்பில்லாத பழச்சாறு 150 மில்லி ஏறத்தாழச் சரியான அளவு. பர்ஃபியும் சாக்லேட்டும் உதவா. கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். சர்க்கரை செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரையை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் மெதுவாகவே ஏறும், அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், வீட்டில் இரத்தச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி இருந்தால் போட வேண்டும்.

சர்க்கரை ஏறியதும் அம்மாவை உடனே சோறு சாப்பிட வைத்தேன், ஏனெனில் கிளிக்ளசைடு நெடுநேரம் வேலை செய்து மீண்டும் இறக்கிவிடக்கூடும். இப்போது பூஜை அறையில் கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் குளுக்கோஸ் மாத்திரை டப்பா ஒன்று இருக்கிறது. ஒரு மாத்திரையில் எத்தனை கிராம் என்று மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். விரத நாளில் மாத்திரையை எப்படி எடுப்பது என்று அடுத்த புரட்டாசிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க அம்மாவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.