மஞ்சள் டப்பா

14 ஜூலை 2025, திங்கள்

இன்று ஊசி குத்திவிட்டது.

காலை ஷிஃப்ட் முடியும் நேரம். அடுத்த ஷிஃப்ட்காரர்கள் கதவருகே காத்திருக்கிறார்கள். டயாலிசிஸில் நான்கு மணி நேரம் நோயாளிக்கு; எங்கள் ஓட்டமெல்லாம் இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவில்தான். தனி அறை அங்கிளின் கையிலிருந்து ஊசியைக் கழற்றி மஞ்சள் டப்பாவில் போடப் போனேன். டப்பா வாய்வரை நிரம்பியிருந்தது. ஊசி உள்ளே போகாமல் எகிறி, கையுறையைத் துளைத்து இடது ஆள்காட்டி விரலில் ஏறியது. அவருக்குத் தனி அறை, தனி மெஷின் எல்லாம் ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் சி இருப்பதால்தான்.

"என்ன மிஸ்ஸி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?"

"ஒன்னுமில்ல அங்கிள், பஞ்ச நல்லா அழுத்திப் பிடிங்க."

குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவினேன். விரலைப் பிதுக்கத்தான் கை பரபரத்தது. பிதுக்காதே, பிளீச் ஊற்றாதே என்று புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவளே நான்தான். அதே நான், எங்கள் தலைமை நர்ஸ் சிஸ்டரிடம் போய்ச் சொல்ல இருபது நிமிடம் தயங்கினேன். பதினாறு வருட சர்வீஸ், இப்படியா என்று கேட்பார்களோ என்ற வெட்கம்.

அதே நாள், இரவு

சிஸ்டர் திட்டவில்லை. "மொதல்ல ரத்தம் குடு, அப்புறம் ஃபாரம்" என்றார். இன்று எடுத்த ரத்தம் சுத்தம் என்று காட்டினால்தான், பின்னால் ஏதாவது வந்தால் வேலையில் வந்தது என்று தொழிலாளர் காப்புறுதி பார்க்கும் சொக்சோவில் பேச முடியும்.

அங்கிளிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் கேட்டு அவர் ரத்தமும் எடுத்தோம். எச்ஐவி இல்லை. இருந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள், அதுவும் முடிந்தவரை முதல் சில மணி நேரத்திலேயே மாத்திரை தொடங்கி 28 நாள் விழுங்கியிருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி பயமும் இல்லை. மலேசியாவில் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி 1989இல்தான் வந்தது, நான் அதற்கு முன்னால் பிறந்தவள். ஆனால் காலேஜில் மூன்று ஊசி போட்டார்கள். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி, பாதுகாப்புக்கு வேண்டிய அளவான 10க்கு மேலேயே இருக்கிறது.

மிச்சம் சி. அதற்குத் தடுப்பூசியும் இல்லை, முன்கூட்டிப் போடும் மாத்திரையும் இல்லை. தொற்றும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. வந்தாலும் குணமாக்க மாத்திரை உண்டு. 2017இல் அரசாங்கம் காப்புரிமையைத் தாண்டி அந்த மாத்திரையான சோபோஸ்புவிரை மலிவாக இறக்க வழி செய்ததால் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லாம் தெரியும். தெரிந்தும் தூக்கம் வரவில்லை.

கிளம்பும்போது அங்கிள் சொன்னது காதிலேயே நிற்கிறது: "என்னாலயாம்மா?"

15 ஜூலை, செவ்வாய்

ஃபாரத்தில் எத்தனை மணி, என்ன ஊசி, எவ்வளவு ஆழம், கையுறை போட்டிருந்தேனா என்று வரிசையாகக் கேள்விகள். "காரணம்" என்ற கட்டத்தில் "என் கவனக்குறைவு" என்று எழுதினேன். சிஸ்டர் அதை அடித்துவிட்டு, "டப்பா எவ்ளோ ரொம்பியிருந்துச்சு?" என்றார். முக்கால் பங்கு ஆனதும் மூடிவிட்டு வேறு டப்பா வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து மாற்றவில்லை. மாற்று டப்பாவும் ஸ்டோரில் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காத பதில்தான், எழுதினேன்.

17 ஜூலை, வியாழன்

துப்புரவு அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"போன வருசம் எனக்கும் குத்துச்சு கண்ணு. குப்பைப் பையில யாரோ போட்டிருந்தாங்க. டெட்டால் ஊத்திக் கழுவிட்டேன்."

"ஏங்க்கா சொல்லல?"

"காண்ட்ராக்ட் ஆளு நான். சொன்னா நாளைக்கே வேற எடத்துக்குத் தூக்கிப் போட்டுருவான்."

எனக்கு ஃபாரம் இருக்கிறது, சிஸ்டர் இருக்கிறார். அவருக்கு என்ன இருக்கிறது? டெட்டால். ரத்தம் பார்க்கலாம் வாங்க என்றேன். மகள் கல்யாணம் முடியட்டும் என்றார்.

25 ஆகஸ்ட், திங்கள்

ஆறு வாரம். ரத்தத்தில் வைரஸ் இல்லை. ஜனவரியில் இன்னொரு பரிசோதனை பாக்கி. தனி அறையில் முக்கால் அளவில் சிவப்புக் கோடு போட்ட புது டப்பா.

மதியம் அக்கா தானாகவே வந்து உட்கார்ந்தார். கல்யாண மருதாணி விரல் நுனியில் மட்டும் மிஞ்சியிருந்தது. கையை நீட்டிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குத்துறப்ப சொல்லு கண்ணு."