எண்ணெய் கேட்காத கடிகாரம்

காலையில் சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றும்போது ஜான் ஹாரிசன் நினைவு வந்தது. 1693இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த தச்சர். அதனால்தானோ என்னவோ, பல்சக்கரங்களைக்கூட மரத்தில் செய்தார். 1720களில் பிராக்கிள்ஸ்பி பார்க் மாளிகைக்கு அவர் செய்த கடிகாரத்தில் உராயும் இடங்களில் லிக்னம் வைட்டே மரம். அதற்குள்ளேயே எண்ணெய்ப் பசை உண்டு. இன்றும் ஓடுகிறது!

அப்புறம்தான் கடல். நடுக்கடலில் தீர்க்கரேகை தெரிய, புறப்பட்ட ஊரின் நேரம் கையில் இருக்க வேண்டும். அதற்கும் கப்பல் இருக்கும் இடத்தின் நேரத்துக்கும் 4 நிமிட வித்தியாசம் என்றால் தீர்க்கரேகையில் ஒரு பாகை. ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் எங்கே ஒழுங்காக ஓடும்? தீர்க்கரேகைக்கு வழி கண்டுபிடிப்பவருக்கு 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்திருந்தது.

மூன்று பெரிய கடல் கடிகாரங்களுக்குப் பிறகு, ஹாரிசன் 1759இல் முடித்த நான்காவது, வெறும் 13 செ.மீ. அகலம். பாக்கெட் வாட்சுக்கு அண்ணன் மாதிரி. மகன் வில்லியம் ஜமைக்கா வரை கொண்டுபோனார். பிழை சுமார் 5 விநாடி.

பரிசு வாரியமோ இழுத்தடித்தது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்டு, 1773இல் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தபோது மனிதருக்கு வயது 80. கொடுமை!

அந்த நான்காவது கடிகாரம் இப்போது லண்டனின் கிரீனிச்சில். அதற்கு மட்டும் எண்ணெய் வேண்டும். தேய்ந்துவிடும் என்று ஓடவிடுவதில்லை.