நிரப்பப்பட்ட பணியிடமும் காலி நாற்காலியும்

2022 அக்டோபரில், சம்பா வயலுக்கு இரவில் தண்ணீர் மாற்றிவிடப் போன என் கொழுந்தனைக் கண்ணாடி விரியன் கடித்தது. பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஐந்தே நிமிடத்தில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனோம். விளக்கு எரிந்தது, கதவு திறந்திருந்தது, இரவுப் பணியில் செவிலியரும் இருந்தார். டாக்டர் இல்லை. காலை அசையாமல் வைக்கச் சொல்லி, சலைன் ஏற்றிக்கொண்டே அவர் 108-க்குப் பேசினார். "விஷமுறிவு மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறது அக்கா. டாக்டர் இல்லாமல் நான் ஏற்ற முடியாது. ஒவ்வாமை வந்தால் ஆளே போய்விடுவார்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

26 கிலோமீட்டர் தாண்டி தாலுகா மருத்துவமனை. அங்கே இருந்த டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசைமேல் அசையாமல் நிறுத்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 20 நிமிடம். பிறகு குழாயை மெல்லச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீர்போல ஓடியது. "விஷம் ஏறியிருக்கிறது" என்று உடனே மருந்தைத் தொடங்கினார். கொழுந்தன் ஒரு வாரத்தில் வீடு திரும்பிவிட்டார். எனக்குத்தான் அந்தக் குழாய் கண்ணைவிட்டுப் போகவில்லை. எந்திரம் இல்லை, கரண்ட் இல்லை. ஒரு குழாய், ஒரு கடிகாரம், பார்த்துச் சொல்ல ஓர் ஆள். முதல் இரண்டும் எங்கள் ஊரிலும் இருந்தன.

எங்களுடையது கடைமடை ஊர். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தாலும், எங்கள் வாய்க்கால் நனையும்போது மேலே உள்ளவர்கள் நாற்றுவிட்டு முடித்திருப்பார்கள். கடைசியில் நிற்பது எங்களுக்குப் பழக்கம். ஆனால் டாக்டரும் வாய்க்கால் வழியாகவா வருகிறார்?

மகளிர் குழுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தோம். "எங்கள் ஊரில் டாக்டர் இல்லை, உடனே நியமிக்க வேண்டும்." மூன்று வாரத்தில் பதில் வந்தது. மேற்படி நிலையத்துக்கு ஒப்பளிக்கப்பட்ட இரண்டு மருத்துவர் பணியிடங்களும் நிரப்பப்பட்டுள்ளன, எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது. முதல்வர் உதவி எண் 1100-க்கும் பேசிப் பார்த்தேன். சொல் மாறாமல் அதே பதில்.

இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால் எங்கே இருக்கிறார்கள்?

தெருமுனையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று சொன்னவர் அவர்தான். நான் எழுதிக்கொண்டு போன விண்ணப்பத்தில் ஏழு கேள்விகள். ஏழும் 'ஏன்' என்றே தொடங்கின. வாசித்துவிட்டுச் சிரித்தார். "ஏன் என்று கேட்காதே அம்மா. அந்தச் சட்டத்தில் ஏனுக்குப் பதில் கிடையாது. காகிதத்தைக் கேள்." அவர் சொல்லச் சொல்லத் திரும்ப எழுதினேன். ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றில் இப்போது உள்ளவர்கள் எந்தத் தேதியில் சேர்ந்தார்கள், கடந்த மூன்று மாத வருகைப் பதிவேட்டின் நகல், வேறு இடத்துக்கு யாரையாவது அனுப்பியிருந்தால் அந்த ஆணையின் நகல். அவ்வளவுதான். பத்து ரூபாய்க்குக் கோர்ட் வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினேன்.

சட்டம் கொடுத்த கெடு 30 நாள். 29-ஆம் நாள் பதில் வந்தது. முதல் இரண்டுக்கு மட்டும். வருகைப் பதிவேடு மூன்றாம் நபர் சம்பந்தப்பட்டது, தர இயலாது என்றார்கள். ஆணையைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள் என்று சார் சொன்னார். பதில் கிடைத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணமும் இல்லை. அரசு நிலையத்தில் அரசு ஊழியர் வேலைக்கு வந்தாரா என்பது அவருடைய சொந்த விஷயம் ஆகாது என்று ஒரே பத்தியில் எழுதினோம்.

மார்ச் மாதக் கடைசியில் 17 பக்கம் கையில் கிடைத்தது. பக்கத்துக்கு 2 ரூபாய், மொத்தம் 34.

வீட்டுத் திண்ணையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். ஒரு டாக்டர் பெயருக்கு நேரே, நாள்தோறும் சிவப்பு மையில் 'மா.ப.' என்று இருந்தது. ஏதோ விடுப்பு என்று நினைத்தேன். மருத்துவ விடுப்பா, மகப்பேறு விடுப்பா? சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "மாற்றுப் பணி" என்றார். ஆணையின் நகலும் அதைத்தான் சொன்னது. சம்பளம் எங்கள் ஊர்க் கணக்கில், வேலை நகரத்து மருத்துவமனையில். 14 மாதங்களாக. இன்னொரு டாக்டர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சேர்த்துப் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாள் இங்கே. அந்த மூன்றிலும் ஒரு நாளைக் கூட்டமோ முகாமோ தின்றுவிடுகிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. எங்கள் 30,000 பேருக்கும் பகலில் அரை டாக்டர், இரவில் யாரும் இல்லை.

நகரத்து மருத்துவமனையிலும் ஆள் பற்றாக்குறைதான். அந்தக் குடத்தை நிரப்ப எங்கள் குடத்திலிருந்து மொண்டுகொண்டு போயிருக்கிறார்கள். பதிவேட்டில் மட்டும் இரண்டு குடமும் தளும்புகின்றன.

2023 மே 1 கிராம சபையில் விஷயத்தை வைத்தேன். நிலையத்தைப் பூட்டி, சாலையில் உட்காரலாம் என்று இளைஞர்கள் குதித்தார்கள். பூட்டினால் பிரசவத்துக்கு வருகிற பெண்கள் எங்கே போவார்கள் என்று கேட்டதும் அடங்கினார்கள். 'டாக்டர் வேண்டும்' என்று தீர்மானம் போடவில்லை. இன்ன எண், இன்ன தேதியிட்ட மாற்றுப் பணி ஆணையை ரத்து செய்ய வேண்டும் என்று போட்டோம். தீர்மான நகலோடு அந்த 17 பக்கத்தையும் இணைத்து மறுபடியும் திங்கள்கிழமை வரிசையில் நின்றேன். மனுவை வாங்கிய அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, "யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். மனுவில் இருப்பது பொய்யா என்று அவர் கேட்கவில்லை.

ஜூலையில் ஆணை ரத்தானது. வந்தவர் முப்பது வயதுகூட இருக்காத பெண். ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு பார்க்கப் போனோம். எங்களுக்கோ போரில் வென்ற மிதப்பு. அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "இரவில் நான் எங்கே தங்குவது, அக்கா?"

டாக்டர் குடியிருப்பு நிலையத்தின் பின்னாலேயே இருக்கிறது. திறந்து பார்த்தோம். பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், கால் உடைந்த கட்டில்கள், குழாயில் தண்ணீர் இல்லை, குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒன்பது மாதம் மனு எழுதிய எவரும் அந்தக் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை, நான் உட்பட. இந்த மாதிரிச் சில்லறைப் பழுதுகளுக்காகவே நோயாளர் நலச் சங்கத்தின் கணக்கில் பணம் கிடந்தது. கூட்டம் நடந்து தீர்மானம் போட்டால்தான் எடுக்க முடியும், உறுப்பினர்கள் வருவதில்லை என்றார் செவிலியர். யார் அந்த உறுப்பினர்கள் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். நோட்டை எடுத்துக் காட்டினார். நான்காவது பெயர் என்னுடையது. எப்போதோ மகளிர் குழு சார்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பணியிடமும் நிரப்பப்பட்டுத்தான் இருந்தது.

ஆகஸ்டில் கூட்டம் நடந்தது. மோட்டார், தாழ்ப்பாள், வெள்ளையடிப்பு. இப்போது டாக்டரம்மா வாரத்தில் நான்கு இரவு தங்குகிறார். மேசையில் மருந்துச் சீட்டுக்குப் பக்கத்தில் தடித்தடியான புத்தகங்கள் இருக்கின்றன. மேற்படிப்புக்குப் படிக்கிறாராம். மறைக்காமல் சொல்லிவிட்டார். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு மேற்படிப்பு இடங்களில் பாதி அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலை, எளிதில் எட்டாத இடம் என்று அரசு வகைப்படுத்திய ஊர்களில் வேலை பார்த்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை, மொத்தம் 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண் தரவும் விதி இருக்கிறதாம். கடைமடைக்கு எவ்வளவு என்று கேட்டேன். சிரித்தார்.

அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் இவர் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டார். இருப்பதால் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுவார். எனக்குக் கோபம் வரவில்லை.

"போவதற்கு மூன்று மாதம் முன்னால் மட்டும் சொல்லிவிடுங்கள் டாக்டரம்மா" என்றேன். "விண்ணப்பத்துக்கு 30 நாள், மேல்முறையீட்டுக்கு 45. தபாலுக்கும் கொஞ்சம் வேண்டும்."