செந்தூல் வீட்டுத் தொட்டியும் பாசி தின்னும் மீனும்

ஜூன் 8, 2025, ஞாயிறு

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. கோலாலம்பூரில் கெப்போங் பக்கம் போன தம்பி ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பினான். உள்ளே உடம்பெல்லாம் கரும்புள்ளி போட்ட ஒரு குட்டி மீன். சுண்டுவிரல் நீளம்தான்.

"அக்கா, உன் தொட்டிக்குத்தான். மூணே வெள்ளி. 'இக்கான் பண்டாராயா, போலே சுச்சி'ன்னு தவுக்கே சொன்னாரு."

கடைக்காரத் தவுக்கே மலாயில் சொன்னது, 'பண்டாராயா மீன், சுத்தம் செய்யும்' என்று; விலை மூன்று ரிங்கிட். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மாதமாகப் பாசி, பாசி என்று புலம்பிக்கொண்டிருப்பது நான்தான். மார்ச்சில் வைத்த ஒன்றரை அடித் தொட்டி, 40 லிட்டர், உள்ளே ரஸ்போரா என்ற சின்ன மீன்கள் எட்டு. முதல் மாதம் பழுப்புத் தூசி மாதிரி ஒன்று எல்லாவற்றின் மேலும் படிந்தது. புதுத் தொட்டிகளில் அது வழக்கமாக வருவது; தானாகவே போய்விட்டது. இப்போது இருப்பது வேறு. முன் கண்ணாடியில் பச்சைப் படலம், அனுபியாஸ் செடி இலைகளின் ஓரத்தில் தாடி மயிர் போலக் கறுப்புக் குஞ்சம்.

பண்டாராயா, அதாவது மாநகர் மன்றத்து ஆட்களைப் போல எல்லாவற்றையும் சுத்தம் செய்யும் என்றுதான் இந்த மீனுக்குப் பண்டாராயா என்று பெயர். அப்பா 26 வருஷம் பண்டாராயாவில் கால்வாய் வேலை பார்த்தவர். பையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தொட்டியில் விட்டோம்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு இரவாக இந்த மீனைப் பற்றித்தான் படிக்கிறேன். தென் அமெரிக்காவில் பிறந்த இனம். இன்று சுண்டுவிரல், நன்றாக வளர்ந்தால் 30 சென்டிமீட்டரைத் தாண்டும், 45 வரைகூடப் போகும். என் தொட்டியின் மொத்த நீளமே 45. வளர வளர பாசியில் ஆசை குறைந்து, மற்ற மீன்களுக்குப் போடும் தீனியைத்தான் தேடுமாம். இப்போதே காலையில் பார்த்தால் தரையெங்கும் நூல் நூலாகக் கழிவு. அந்தக் கழிவுதான் தண்ணீரில் நைட்ரேட்டாக மாறிப் பாசிக்கு உரமாகிறது.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னதும் தம்பி, "பெருசானா ஆத்துல விட்டுடலாம்" என்றான். அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். கிள்ளான் ஆற்றோரம் வேலை செய்த நாளில் கை நீளத்துக்கு இந்த மீனைப் பார்த்திருக்கிறாராம். "கரையைக் குடைஞ்சு பொந்து போடும்டா. உடம்பு பூரா ஓடு, முள்ளு. எதுவும் அதை லேசுல தின்னாது."

அப்பா சொன்னது அத்தனையும் உண்மை. இனப்பெருக்கத்துக்காகக் கரையில் குழி தோண்டும், மண் சரியும். தண்ணீர் கெட்டுப்போனாலும் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றாலேயே மூச்சு விட்டுப் பிழைத்துக்கொள்ளும். கிள்ளான், லங்காட் ஆறுகளில் இன்று தன்னார்வலர்கள் வலை போட்டு இதைக் குவியல் குவியலாகப் பிடிக்கிறார்கள். அதில் பலவற்றின் கதை, யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் இதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் பையில் தொடங்கியிருக்கும்.

ஜூன் 14, சனி

அப்பாவையும் கூட்டிக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். வாங்குவதற்கில்லை, பார்ப்பதற்கு. பாசி தின்னும் மீன் எது என்று கேட்டால் நான்கு தொட்டியைக் காட்டுகிறார்கள்.

முதலில் மஞ்சள் தங்க நிறத்தில் ஒன்று, சீன ஆல்ஜி ஈட்டர். கண்ணைப் பறிக்கும் அழகு. குட்டியில் பாசி தின்னும். பெரிதானால் முரட்டுத்தனம் வரும், மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்பூச்சை உறிஞ்சும். என் ரஸ்போராக்களை நினைத்து உடனே விலக்கிவிட்டேன்.

அடுத்தது சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர். மனசு உண்மையில் இதில்தான் போய் நின்றது. அந்தக் கறுப்புத் தாடிப் பாசியைத் தின்னும் மீன்கள் மிகக் குறைவு, இது தின்னும். உடலின் கறுப்புக் கோடு வாலின் நுனிவரை ஓடுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் இதே போல் தெரியும் வேறு மீன்களையும் இந்தப் பெயரிலேயே விற்பார்கள். ஆனால் 15 சென்டிமீட்டர் வரை வளரும், ஓயாமல் நீந்தும். மூன்று நான்கு அடித் தொட்டி இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். என்னுடையதில் நாலு தரம் வாலை வீசினால் கண்ணாடி வந்துவிடும்.

மூக்கில் மீசை முளைத்த பிரிஸில்நோஸ் பிளெக்கோ 12 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், பண்டாராயாவுக்குப் பதில் பலரும் சொல்வது இதைத்தான். கடித்துச் சுரண்ட மரக்கட்டை வேண்டும், கழிவும் அதிகம். 40 லிட்டருக்கு அதுவும் பெரிதுதான்.

கடைசித் தொட்டியில் ஓட்டோசிங்ளஸ். எல்லோரும் ஓட்டோ என்கிறார்கள். வளர்ந்தாலும் நாலு சென்டிமீட்டர். எட்டு பத்து மீன்கள் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல மென்றபடி நகர்கின்றன. யாரோடும் சண்டை இல்லை. அப்பா குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

இதிலும் சங்கடம் உண்டு. பெரும்பாலும் ஆற்றில் பிடித்து அனுப்பப்படுபவை, வழியெல்லாம் பட்டினி. பாசி ஊறிய பழைய தொட்டியில்தான் பிழைக்கும். தனியாக வாழாது, கூட்டம் வேண்டும். அந்தக் கறுப்புத் தாடியைத் தொடவே தொடாது.

ஜூன் 15, ஞாயிறு

மீனை விட்டுவிட்டுத் தொட்டியைக் கவனித்தேன். விளக்கு காலை ஏழுக்கு எரிந்தால் நாங்கள் படுக்கும்வரை எரிகிறது. மேற்கு ஜன்னல் வெயில் மூன்று மணிக்குமேல் நேராக விழுகிறது. தீனி நான் ஒருமுறை, அப்பா ஒருமுறை, தம்பி நினைத்தபோதெல்லாம். பாசி வராமல் என்ன செய்யும்?

விளக்குக்கு டைமர் மாட்டி ஏழு மணி நேரமாக்கினேன். தொட்டியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்த மூன்று பேர் வேண்டியிருந்தது. தீனி இனி அப்பா கையில் மட்டும், நாளுக்கு ஒரு வேளை. தாடி பிடித்த இலைகளைக் கத்தரித்து எறிந்தேன். வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம்.

ஜூன் 29, ஞாயிறு

பச்சைப் படலம் பாதியாகிவிட்டது. புது இலைகளில் தாடி இல்லை.

பண்டாராயா இன்று புறப்பட்டது. கூட வேலை செய்யும் அக்கா வீட்டில் ஆறடித் தொட்டி, உள்ளே பெரிய மீன்கள். முழு நீளத்துக்கு வளரும் என்று விவரமாகச் சொன்ன பிறகே கொடுத்தேன். வாளியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவும் வந்தார்.

தண்ணீர் வெப்பம் மதியம் 30 டிகிரி. ஓட்டோவுக்கு அது சூடு, உயிர்க்காற்றும் குறையும். ஒரு சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி வைத்ததில் 27க்கு வந்தது. தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது, தினமும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். பரவாயில்லை.

ஜூலை 5, சனி

ஓட்டோ ஐந்து. ஒன்று ஆறு வெள்ளி. அடிப்பக்கத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிறு உருண்டையாகத் தெரிய வேண்டும். குழி விழுந்திருந்தால் பட்டினி, அதைக் காப்பாற்றுவது கஷ்டம். கடைக்கு வந்து எத்தனை நாள் என்று கேட்டேன். பத்து நாள் என்றார் தவுக்கே. நேற்று வந்திறங்கியது என்றால் திரும்பியிருப்பேன்.

ஏர் குழாயில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் எங்கள் தண்ணீரைக் கலந்த பிறகே தொட்டியில் விட்டேன்.

முன் கண்ணாடியை மட்டும் சுரண்டினேன். பின்னாலும் பக்கவாட்டிலும் பச்சை அப்படியே இருக்கட்டும். அதுதான் அவற்றின் வயல்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் ஒன்று தரையில் செத்துக் கிடந்தது. தண்ணீரைச் சோதித்தேன், மீனுக்கு விஷமான அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. எங்கேயோ ஓர் ஆற்றிலிருந்து இவ்வளவு தூரம் வந்து என் வீட்டில் மூன்று நாள்தான் இருந்தது. வேலையில் மனசு ஒட்டவில்லை.

மாலை வந்தால், அப்பா பாயாம் கீரையை ஒரு நிமிஷம் வெந்நீரில் போட்டு, ஆறவைத்து, கல்லில் கட்டித் தயாராக வைத்திருந்தார். "பண்டாராயாவுல இருந்தவனுக்கும் வீட்டுக்கு வந்தா சோறு வேணும்மா. குப்பையைப் பாத்துக்கிட்டே இருந்தா வயிறு நிறையுமா?"

விளக்கு அணைந்த பிறகு உள்ளே இறக்கினோம். அரை மணி நேரத்தில் இரண்டு வந்து ஒட்டிக்கொண்டன.

ஜூலை 20, ஞாயிறு

நான்கும் நன்றாக இருக்கின்றன. வாரம் இரண்டு இரவு கீரை அல்லது வெள்ளரித் துண்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிடுகிறோம். அனுபியாஸில் ஐந்து புது இலை, ஐந்தும் சுத்தம். இன்னும் இரண்டு வாங்கி ஆறாக்கலாம், அடுத்த மாதம் பார்ப்போம்.

அப்பாவுக்கு இப்போது காலை வேலை எண்ணுவதுதான். இன்று மூன்றுதான் என்று என்னை எழுப்பிவிட்டார். டார்ச் அடித்துத் தேடினோம். பில்டர் குழாயின் பின்பக்கம் நாலாவது, வயிறு பயறு மாதிரி உருண்டு, வாயை அசைத்துக்கொண்டிருந்தது.